ராப் போட்டியில் இந்த ஏச்சு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ராப் போட்டிக்குப் போயிருந்தேன். தம்பிகள் பிரமாதமாகத்தான் பாடினார்கள், ஆனால் எதிராளியை மட்டம்தட்ட நல்ல வரி சிக்காதபோதெல்லாம் 'பொட்டை' என்று தன்பாலீர்ப்பாளர்களையும் இழிவுபடுத்தும் ஓர் ஏச்சு, உடனே விசில், நடுவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். கேட்டால், ராப் என்றாலே அப்படித்தானாம்.

அப்படியா? அமெரிக்காவிலேயே கான்யே வெஸ்ட் 2005-இல் தன்பாலீர்ப்பாளர்களைத் திட்டுவதை நிறுத்துங்கள் என்று சக ராப்பர்களைக் கேட்டுக்கொண்டார். 2021-இல் மியாமி மேடையில் தன்பாலீர்ப்பாளர்களை இழிவாகப் பேசிய ராப்பர் டாபேபியை லொல்லாபலூசா இசைவிழா நிகழ்ச்சியிலிருந்தே தூக்கியது (காசு போய்விடும் என்ற பயமும்தான், சரி). இங்கே ஏற்பாட்டாளர்கள் போட்டி விதிகளில் ஒரே வரி சேர்த்தால் போதும்: இப்படி ஏசினால் அந்தச் சுற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்