திரும்பி வந்தவர்களுக்கும் ஒரு பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைவீரர் கொடி நாளையொட்டித் தாங்கள் வெளியிட்டிருந்த பக்கத்தைப் படித்தேன். 2020 ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் உயிர்நீத்த ஹவில்தார் பழனியை நினைவுகூர்ந்தது பொருத்தமே. அவருடைய ஊரான கடுக்கலூர் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் என்றாலும் எங்களுக்கு அயலூர் அல்ல. வீர் சக்ரா பெற்ற அவரை இந்தச் சீமை மறந்துவிடாது. என் கவலை, போருக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தவர்களைப் பற்றியது.

என் தாய்மாமா 1971 போரின்போது திரிபுரா எல்லையில் ராணுவ லாரி ஓட்டினார். சண்டை போட்டீர்களா என்று கேட்டால், "நான் வண்டிதானே ஓட்டினேன்" என்று பேச்சை முடித்துவிடுவார். அந்த வண்டிகள் போய்ச் சேராமல் இருந்திருந்தால் பீரங்கிக்குக் குண்டும் இல்லை, படைக்குச் சோறும் இல்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைவும் நடந்திருக்காது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தந்த புத்தகத்தையும் அந்தப் போருக்காகக் கிடைத்த பூர்வி ஸ்டார், சங்கிராம் பதக்கங்களையும் நிலப் பத்திரத்தோடு ஓர் எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறார். வட்டமான பதக்கத்தின் விளிம்பில் அவருடைய எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கின்றன. குடும்ப அட்டையையும் வாக்காளர் பட்டியலையும் விட்டால், அரசு அவர் பெயரை எழுதிய இடம் அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் பெயர் பொறிப்பதில் நம் ஊர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. கோயில் மணியிலிருந்து டியூப் லைட் வரை உபயதாரர் பெயர் இருக்கிறது. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய கணக்கை வரி விடாமல் பேரேட்டில் ஏற்றிய நகரத்தார் வாழ்ந்த செட்டிநாட்டு மண் இது. வீடு பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளிடம் பர்மா தேக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது மணிப்பூர் வழியாக நடந்தே வந்தவர்களின் கதையும் சில வீடுகளில் உண்டு. ஆனால் அதே பர்மாவை மீட்கச் சீருடையில் போனவர் யார், நேதாஜியின் படையில் சேர்ந்தவர் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் கிடக்கும் பழைய விமான ஓடுதளம் அந்தப் போர்க்காலத்தது என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் மாண்டார்கள் என்பதோடு சரி, பெயர் கிடையாது. நாம் அந்தத் தலைக்கணக்கைக்கூட எடுக்கவில்லை.

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பலகை வைத்தால் போதும். 1962, 1965, 1971, கார்கில் என்று போர் வாரியாகப் பெயர்களை எழுதலாம். சமையற்காரர், ஓட்டுநர், மருத்துவ உதவியாளர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். 1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப்படையில் இருந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலின் சரி தவறு வேறு. அனுப்பிய இடத்துக்குப் போன சிப்பாயின் கணக்கு வேறு.

இதற்குப் பெரிய செலவு பிடிக்காது. சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் விவரம் திரட்டுவதில் கைகொடுக்கலாம். படை விடுவிப்புப் புத்தகத்தின் நகலைக் குடும்பத்தார் தருவார்கள். ஆனால் தள்ளிப்போட நேரமில்லை. 1971இல் இருபது வயதில் போனவருக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. ஜனவரி 26 கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் ஊரில் சிலர் சேர்ந்திருக்கிறோம். மற்ற ஊராட்சிகளும் அன்றே எடுத்துக்கொள்ளும் வகையில், கூட்டத்துக்கு முன்பாக இந்தக் கடிதத்தை வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை வட்டம்.