விடுபட்டுப்போன ஆல்டர்டு கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேர்த்தடத்தில் குறுந்தூரம் சீறிப்பாயும் அமெரிக்க டிராக் பந்தயங்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், 1960களில் கலிஃபோர்னியாவின் கால் மைல் தடங்களில் நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடி ரசிகர்களைக் கிறங்கடித்த நைட்ரோ ஆல்டர்டு (மாற்றியமைக்கப்பட்ட) கார்கள் இடம்பெறாதது பெருங்குறை. நைட்ரோமீத்தேன் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், உள்ளிழுக்கும் அதே காற்றுக்குப் பெட்ரோலைப்போல் ஏறத்தாழ எட்டரை மடங்கு எரிபொருளை எஞ்சினில் எரிக்க முடியும். இத்தகைய ஆற்றலை இப்பந்தயத்துக்கென்றே நீளமாகக் கட்டிய டிராக்ஸ்டர் கார்கள் ஓரளவு தாங்கின. ஆனால் பழைய ரோட்ஸ்டர் (கூரையில்லாக் கார்) உடலைக் குட்டையான சட்டத்தின்மேல் பொருத்திய ஆல்டர்டுகளோ நேராக ஓடவே மறுத்தன.

ஆல் மார்செல்லஸும் வில்லி போர்ஷும் உருவாக்கிய 'விங்டு எக்ஸ்பிரஸ்' 1923ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் டி வடிவ உடலும் காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜர் பூட்டிய கிரைஸ்லர் ஹெமி (அரைக்கோள எரியறை) எஞ்சினும் ஓட்டுநரின் தலைக்குமேல் ஓர் இறக்கையும் கொண்டது. அதை ஒற்றைக் கையால் திருப்பி ஓட்டிய போர்ஷ்தான், இவ்வகைக் காரில் மணிக்கு 200 மைலை முதலில் தாண்டியவர். துணிச்சல் என்பதா, பித்து என்பதா! ரிச் குவாஸ்கோவின் 'பியூர் ஹெல்' காரை ஓட்டிய டேல் எமெரியும் அவருக்குச் சளைத்தவரல்லர். பின்னாளில், சாலைக் காரின் தோற்றமுள்ள இலகு உடலைப் பொருத்திய ஃபன்னி கார்கள் மேலோங்கியதால் ஆல்டர்டுகள் ஒதுக்கப்பட்டன. இவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்