மேட்டை வெட்ட வேண்டாம், மகனே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பண்டாரவளையில் மூன்று நாளாக மழை இல்லை, முட்டி வலியும் கொஞ்சம் குறைவு. போனில் பேசினால் நீயும் அவசரப்படுகிறாய், எனக்கும் படபடவென்று வந்துவிடுகிறது. அதனால்தான் கொப்பியில் எழுதி, என் தங்கச்சி மகளிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். வேலை முடிந்து, சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

நம் காணியின் ரோட்டோரத்து மேட்டை ஜேசிபி விட்டு வெட்டி மட்டமாக்கி மாடி வீடு கட்டுவேன் என்றாய். தம்பி கீழே கட்டட்டும் என்றாய். தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே, கையில் ஏதாவது காசு கொடுத்துவிடலாம் என்றாய். மேட்டை வெட்டவும் நான் சம்மதிக்க மாட்டேன், தங்கச்சியைக் கழித்துவிடவும் சம்மதிக்க மாட்டேன்.

தங்கச்சி விஷயத்தை முதலில் சொல்கிறேன். அப்பா மரண சாசனம் எழுதாமல் போய்விட்டார். உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஐயாவிடம் போய்க் கேட்டேன். எழுதி வைக்காவிட்டால் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் என்ற பேதம் கிடையாது என்றார். நமது காணி 24 பேர்ச்சஸ், ஒரு பேர்ச்சஸ் சுமார் 272 சதுர அடி. 12 எனக்கு. மற்ற 12இல் உங்களுக்கு ஆளுக்கு 4. நாலு பேர்ச்சஸைத் தனித் துண்டாகப் பிரித்து எழுத முடியாது, 6க்குக் குறைந்தால் பொதுவாக அனுமதி கிடைக்காதாம். ஆகவே என் பங்கையும் சேர்த்தால்தான் யாருக்குமே வீடு. என் பங்கை நான் மூன்றாகத்தான் பிரிப்பேன். நான் உயிரோடு இருக்கும்வரை இங்கே இருக்கிற சீவிய உரித்து மட்டும் எழுதி வைத்தால் போதும்.

அவளுக்குப் போட்ட நகையைச் சொல்கிறாய். 1996இல் அப்பாவின் ஈ.பி.எப் சேமலாபக் காசு பத்தாமல் போனபோது, இந்தக் காணி என் இரண்டு வளையலும் தோடும் விற்றுத்தான் முடிந்தது. நகைக் கணக்குப் பார்த்தால் அங்கிருந்து அல்லவா பார்க்க வேண்டும்? காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்த அன்று அப்பா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். தோட்டத்து லய வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அதே லயத்தில்தான் பிறந்தார். நம் சனம் இந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் நினைவுகூர்ந்தார்களே, அதில் நம் குடும்பத்தின் பெயரில் எழுதப்பட்ட முதல் காணி இதுதான். அதில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இடமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

இனி மேடு. நீ சின்னவனாக இருந்தபோது அப்பா ஐப்பசி பிறக்குமுன் மம்பட்டியோடு மேலே போவாரே, ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கான் வெட்டின கை. மேல் ஓரத்தில் குறுக்காக ஒரு கான் எடுத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்பிவிட்டார். கரையில் மானாப்புல் நட்டார். இன்றைக்கும் பெருமழையில் நான் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன், செம்மண் தண்ணீர் அந்தக் கானில்தான் திரும்பும். நீ வெட்டச் சொல்லும் இடம் அந்தக் கான் ஓடுகிற இடம்தான்.

இரண்டு வீடு தள்ளி ஒருவர் பின்பக்கத்தைச் செங்குத்தாகப் பதினைந்தடி வெட்டினார். கருங்கல் மதிலும் கட்டினார், ஆனால் தண்ணீர் வடிய ஒரு குழாய்கூட வைக்கவில்லை. மழைக்குள் மதில் வயிறு தள்ளி நின்றது. நான் கை வைத்துப் பார்த்தேன், கல் இடுக்கில் சேறு கசிந்தது. மறுநாள் விடியற்காலை சமையலறை மண்ணுக்குள். நல்ல வேளை, அடுப்பு மூட்ட யாரும் எழுந்திருக்கவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது அப்பா அரிசி மூட்டையோடு போனார், திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் இந்த மலையை என்ன செய்தது என்று நீயே அங்கிருந்து அழுதுகொண்டு போன் எடுத்தாய்.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். பக்கத்தில் பத்தடிப் பாதை விட்டால் மூன்று பேர்ச்சஸ் போகும். மீதி 21, ஆளுக்கு 7. மேல் துண்டு தம்பிக்கு. ராத்திரி பத்து மணிக்கு ஹயர் முடிந்து வருகிறவன், ஆட்டோவை வாசலில் நிறுத்த வேண்டும். மேட்டை வெட்டாமல், சரிவோடு சேர்த்துத் தூண் எழுப்பிச் சின்னதாகக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். நடுத் துண்டு உனக்கு. இப்போதைய வீடு அங்கேதான் நிற்கிறது. அப்பா மம்பட்டியாலேயே மட்டமாக்கி, முப்பது வருஷமாக இறுகின மண். அதில் வெட்டவும் வேண்டாம், நிரப்பவும் வேண்டாம். கீழ்த் துண்டு தங்கச்சிக்கு. அவள் வீட்டுக்காரர் மரக்கறி போட ஆசைப்படுகிறார்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மாடிக் கட்டடம் என்று தம்பி முதலில் சொன்னான். பிறகு யாராவது கடன் எடுக்கவோ விற்கவோ போனால் சிக்கல் என்று அவனே விட்டுவிட்டான். சரி, அது போகட்டும்.

கான் மூவருக்கும் பொது என்று பிளானிலும் உறுதியிலும் எழுத வேண்டும். தம்பியின் மலகூடக் குழியும் உன் சமையலறைத் தண்ணீரும் தங்கச்சி சுவரில் ஊறக்கூடாது, அதையும் வீடு கட்டுகிற மேசன் பாஸிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து நிலத்தைப் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் பிரதேச சபை பிளானைத் தொடும். அவர்கள் இந்தத் துண்டில் கட்டக்கூடாது என்றால் அங்கே கட்ட மாட்டோம், பங்கை மாற்றி யோசிப்போம்.

சர்வேயர் பொங்கல் முடிந்த வாரம் வருவார். நீ வர முடியாது என்றால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து, உனக்குப் பதிலாக ஒருவர் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் அனுப்பு. யார் பெயருக்கு என்று நீயே முடிவு செய், தம்பி பெயர் என்றாலும் சரி, என் பெயர் என்றாலும் சரி.

தங்கச்சிக்கு உன் பேச்சு எப்படியோ காதுக்குப் போய்விட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் போன வாரம் வந்தவள் காணிப் பக்கம் எட்டிப் பார்க்காமல், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் இருப்பாள். நீயே எடுத்துப் பேசு.

உன் அம்மா