ரெண்டர் ஃபார்முக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பத்துப் பதினைந்து கணினிகளோடு இயங்கும் சிறிய அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்களில், பெரிய வேலை ஒன்று கைக்கு வந்ததுமே ரெண்டர் ஃபார்ம் (காட்சிகளை இறுதிப் படங்களாகக் கணக்கிட்டு எடுக்கும் ‘ரெண்டர்’ வேலையைப் பகிர்ந்து செய்யும் கணினித் தொகுப்பு) அமைப்பது பற்றியோ இணையவழி ஃபார்முக்குப் பணம் கட்டுவது பற்றியோ பேச்சு எழுந்துவிடுகிறது. அதற்கு முன், இருக்கும் கணினிகள் இரவில் என்ன செய்கின்றன என்றும், கையிலுள்ள மென்பொருள் உரிமங்கள் எத்தனை கணினிகளில் ரெண்டர் செய்ய இடம் தருகின்றன என்றும் பார்த்துவிட வேண்டும் என்பது இத்துறையில் பணிபுரியும் என் கருத்து.

விநாடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) வீதம், ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 ஃபிரேம்கள் தேவை. ஃபிரேமுக்கு 10 நிமிடம் பிடித்தால் ஒரே கணினியில் 240 மணி நேரம், அதாவது இரவு பகலாகப் பத்து நாள் ஆகும். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை சும்மா கிடக்கும், அதே திறனுள்ள ஐந்து கணினிகளுக்கு அவ்வேலையைப் பகிர்ந்தால் நான்கு இரவுகளில் முடிந்துவிடும். இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதும் இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு, ரெண்டர் வேலையைக் கணினிகளுக்குப் பிரித்துத் தரும் ஃபிளமெங்கோ இலவசமாகக் கிடைக்கிறது. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸும் கூகுளும் 2019இல் திறந்த மூலமாக வெளியிட்ட, அதே வேலையைச் செய்யும் ஓப்பன்கியூவும் உண்டு (அதை நிறுவப் பொறுமை வேண்டும் என்பது வேறு விஷயம்).

மாலையில் வேலையை ரெண்டர் வரிசையில் ஏற்றும் முன் ஒவ்வொரு ஷாட்டிலும் இடைவிட்டுச் சில ஃபிரேம்களை வெவ்வேறு கணினிகளில் ரெண்டர் செய்து பார்த்தால், ஒரு கலைஞரின் டி டிரைவில் மட்டும் இருக்கும் டெக்ஸ்சர் (பொருளின் மேற்பரப்புப் படம்), பிற கணினிகளில் இல்லாத பிளக்இன் (துணை மென்பொருள்) பதிப்பு போன்ற குறைகள் அப்போதே தெரிந்துவிடும். வெளியீட்டை ஒரே வீடியோவாக எடுக்காமல் தனித்தனி ஃபிரேம்களாக எடுத்தால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த ஒழுங்கு வராத ஸ்டுடியோ நூறு கணினிகளை வாடகைக்கு எடுத்தால், ஐந்தில் வந்த பிழை நூறிலும் வரும். அதற்குக் கட்டணமும் சேரும்.

உரிமக் கணக்கோ பெரும்பாலும் கடைசியில்தான் போடப்படுகிறது. பிளெண்டர் ஜிஎன்யூ பொது உரிமத்தின் கீழ் வருவதால் எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம். வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளில் அப்படியில்லை, ரெண்டர் மட்டும் செய்யும் கணினிகளுக்கு ரெண்டர் நோடு உரிமம் தேவை. இன்னொரு ரெண்டர் மென்பொருளான ஆர்னால்டில், உரிமம் கிடைக்காவிட்டால் ரெண்டரை நிறுத்தும்படி அமைத்து வைக்காத கணினி, விடிய விடிய வாட்டர்மார்க் விழுந்த படங்களாகவே தந்துகொண்டிருக்கும். பல கணினிகள் மாறி மாறிப் பயன்படுத்தும் ஃபுளோட்டிங் உரிமத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: வீட்டுக்குப் புறப்படும் கலைஞர் மென்பொருளை மூடாமல் போனால், அந்த உரிமம் இரவு வரிசைக்குக் கிடைக்காது.

ஆகவே, தயாரிப்பு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மதிப்பீட்டில் ரெண்டர் உரிமக் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டுவதும், இணையவழி ஃபார்மை நாடுவோர் அதன் கட்டணத்தில் எந்தெந்த மென்பொருள், பிளக்இன் உரிமங்கள் அடங்கும் என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவதும் நல்லது.

இப்படிக்கு,
ஒளியமைப்புக் கலைஞர் ஒருவர்,
சென்னை.