பழைய பின்பால் கண்ணாடிகளைக் கழற்றி எறியாதீர்கள்

உலோகப் பந்தைத் தட்டிப் புள்ளி சேர்க்கும் பழைய பின்பால் விளையாட்டு இயந்திரங்களைச் சீரமைப்பவர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும்,

வணக்கம். துருப்பிடித்துக் கிடந்த இயந்திரத்தை மீண்டும் ஓட வைக்கும் உங்கள் உழைப்பை மதிப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன். வண்ணம் உரிந்துவிட்டது என்பதற்காக, ஆடுபவருக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் தலைப்பகுதியில் இருக்கும் ஓவியக் கண்ணாடியை எறிந்துவிட்டுப் புது நகலை மாட்டாதீர்கள்.

அந்த ஓவியம் கண்ணாடியின் பின்புறத்தில், நிறத்துக்கு ஒரு திரையாக, மெல்லிய வலைத்திரை வழியே மையை அழுத்தும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சானது. நாம் முன்புறமிருந்து பார்ப்பதால், காகிதத்தில் கடைசியாக வரும் கறுப்புக் கோடு இதில் முதலில் விழ வேண்டும். அதன்மேல் நிறங்கள். இறுதியாக, விளக்கு ஒளிர வேண்டிய இடங்களை மட்டும் விட்டு மற்றதை மறைக்கும் பூச்சு.

1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில், பந்தைத் தட்டி மேலே அனுப்பும் மின்சார ஃபிளிப்பர் வந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். வடிவமைத்த ஹாரி மேப்ஸையும் மறப்பதில்லை. அதற்கு ஓவியம் வரைந்த ராய் பார்க்கரை எத்தனை பேர் நினைக்கிறோம்? அந்நாளில் ஆட்டப் புள்ளிகளைக் காட்டியதும் ஓவியம்தான். படத்துக்குள்ளேயே எண்கள் ஒளிர்ந்தன. அவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் பார்க்கர் தன் மனிதர்களை நிறுத்த வேண்டும். அந்த நெருக்கடியிலும் ஓரத்தில் ஒரு குறும்புக் காட்சியைச் செருகிவிடுவார். எனக்கு அவரை விஞ்சியவர் இல்லை.

சிகாகோவின் அட்வர்டைசிங் போஸ்டர்ஸ் அச்சகம், போட்டி நிறுவனங்களான காட்லீப், வில்லியம்ஸ், பாலி ஆகிய மூன்றுக்குமே கண்ணாடி ஓவியங்களைத் தயாரித்தது. 1960-களில் ஓவியர் கிறிஸ்டியன் மார்ஷ் கூர்கூரான கோணங்களில் மனிதர்களை வரைந்தார். 1975-இல் பாலியின் 'விசர்ட்!' இயந்திரத்துக்கு டேவ் கிறிஸ்டென்சன் வரைந்தார். 1980-களில் ஓவியம் அச்சிட்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள் வந்து, கண்ணாடியில் அச்சிடும் வழக்கம் மெல்ல ஓய்ந்தது. ஆகவே இருக்கும் கண்ணாடிகள்தான் மிச்சம்.

வண்ணம் உரிவதற்கு முக்கியக் காரணங்கள் பல்புகளின் சூடும் ஈரப்பதமும். சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறுங்கள். பின்புறத்தை ஒருபோதும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஒரே துடைப்பில் ஒரு முகமே போய்விடும். நகலை மாட்டியே தீர வேண்டுமென்றால், பழைய கண்ணாடியைப் பத்திரமாகச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். இயந்திரத்தை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று. அக்காலக் கண்ணாடிகள் பெரும்பாலானவற்றில் ஓவியர் பெயர் கிடையாது. கண்காட்சியில் வைக்கும்போது நிறுவனம், ஆண்டு ஆகியவற்றோடு ஓவியர் பெயரையும் அட்டையில் எழுதுங்கள்.

அன்புடன்,
பின்பால் ஓவிய ரசிகன்