வெள்ளை நாடா விஷயம்

அன்புள்ள மணி,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். சேகர் அண்ணன் உன்னை விசாரித்தார். இப்போது அவசரமாக எழுதுவது நீ வாங்க நினைத்து அனுப்பிய, இரும்புச் சிலுவை என்ற பழைய ஜெர்மன் போர் விருதின் படத்துக்காக. இன்னும் பணம் கட்டவில்லையே? கட்டிவிடாதே!

வெள்ளை நாடா அபூர்வம் என்று விற்பவர் சொல்வது சரிதான். 1813-இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் இந்த விருதை நிறுவியபோதே, சண்டையிட்டவருக்குக் கருப்பு நாடா, ஓரத்தில் வெள்ளைக் கோடு. சண்டையில் இறங்காமல் பணி செய்தவருக்கு வெள்ளை நாடா, ஓரத்தில் கருப்புக் கோடு என்று வைத்தார்கள். 1870-இலும் 1914-இலும் விருதை மறுபடி கொண்டுவந்தபோதும் அதே முறைதான். ஆனால் சிலுவை இரண்டு பேருக்கும் ஒன்றேதான். அதே இரும்பு, அதே வெள்ளி விளிம்பு. வித்தியாசம் நாடாவில் மட்டும். கருப்பு நாடாவைக் கழற்றிவிட்டு வெள்ளையைக் கோத்தால் போதும், சாதாரணச் சிலுவைக்கு அபூர்வ விலை வந்துவிடும். நாடாவில் தொங்குவது இரண்டாம் வகுப்புச் சிலுவை. முதல் வகுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அதை நேராகச் சட்டையில் குத்திக்கொள்வார்கள்.

அதனால் வளையத்தைப் பார். வெள்ளி கருத்துக் கருத்து, பல வருஷம் தொங்கிய நாடாவின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் தடம் விட்டிருக்கும், நூலும் அங்கே தேய்ந்து பளபளக்கும். மடிப்பு பளிச்சென்று இருந்தால் நாடா பின்னால் வந்தது. அடுத்து புற ஊதா விளக்கு: நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்கால நூல் என்று சந்தேகப்படு. ஆனால் பழைய நாடாவை இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் ஒளிரும். ஒளிராவிட்டாலும் நிம்மதி இல்லை, பழைய நாடாச் சுருளிலிருந்து வெட்டிக் கோத்திருக்கலாம். இதையெல்லாம் தாண்டி நம்பத் தக்கது, பெற்றவர் பெயரோடு வந்த விருதுச் சான்றிதழ் ஒன்றுதான்.

பூர் லெ மெரீத்தின் நாடா எப்படி இருக்கும், 1939 பட்டை எந்த நாடாவில் வரும் என்று போன மாதம் நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் இதோ பதில். பிரஷ்யாவின் உயர்ந்த விருதான, நீலச் சிலுவை வடிவப் பூர் லெ மெரீத்தின் நாடா கருப்பு, ஓரங்களில் வெள்ளிக் கோடு. ஓக் இலைகளோடு கொடுத்தால் நடுவே மூன்றாவது வெள்ளிக் கோடு வரும். 1914-இல் சிலுவை பெற்றவர் மறுபடி வென்றால் கொடுத்த, 1939 என்று ஆண்டு பொறித்த இரண்டாம் வகுப்புக் கழுகுப் பட்டை (உலோகச் சின்னம்) 1914-இன் கருப்பு வெள்ளை நாடாவில்தான் உட்கார வேண்டும். அதைக் கருப்பு வெள்ளை சிவப்பு நாடாவில் பார்த்தால் யாரோ தப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மூவண்ண நாடா, 1939-இல் புதிதாகக் கொடுத்த சிலுவைக்கு உரியது.

வளையத்தை நகர்த்தி, மடிப்பின் உட்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல். தர மறுத்தால் விட்டுவிடு. படம் வந்ததும் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
ராகவன்