தீ தெரியும் இடத்தில் பழுது இருக்காது

ஆசிரியருக்கு,

ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சரில் வெடிச்சத்தமும் தீயும் வந்தால் முதலில் பிளக்கை மாற்றுங்கள், பிறகு சைலன்சரை மாற்றுங்கள் என்று தங்கள் வாகனப் பக்கத்தில் பதில் தந்திருந்தீர்கள். அப்படிப் போனால் பணம் கரையும், தீ நிற்காது.

எரியாத பெட்ரோல், காற்று, சூடு மூன்றும் எக்ஸாஸ்ட் குழாயில் சேர்ந்தால்தான் வெடிக்கும். ஓடும் வண்டியில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. மற்ற இரண்டும் எப்படி வந்தன என்பதுதான் கேள்வி.

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அதுவும் ஸ்போர்ட் மோடில் மட்டும், லேசாகப் படபடத்தால் பல கார்களில் அது கம்பெனியே வைத்தது. கைமாறி வந்த வண்டியென்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை யாராவது 'ட்யூன்' செய்தார்களா என்று விசாரிக்க வேண்டும். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, நிற்க வேண்டிய பெட்ரோலை நிறுத்தாமல் விட்டு, வேண்டுமென்றே வெடிக்க வைப்பவர்கள் உண்டு. அதற்காக இன்ஜினைப் பிரிப்பது வெட்டிவேலை. சத்தம் ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் கதையே வேறு: பெட்ரோல் குறைந்த கலவை, அல்லது சரியாக மூடாத இன்டேக் வால்வு.

வேகமெடுக்கும்போது வெடித்தால் மிஸ்ஃபயரை, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதை, தேடலாம். ஸ்கேனரில் பி0302 என்ற பழுதுக் குறியீடு வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்குக்கு மின்சாரம் தரும் அதன் காயிலை மூன்றாவதன் காயிலோடு இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டும்போது பி0303 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. குறியீடு மாறவில்லையென்றால் பிளக்கையும் இதேபோல் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கேனர் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்கிறது. ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கறுத்திருக்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? இன்ஜினோடு எக்ஸாஸ்ட் குழாய் சேரும் இடத்தை அடைக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கிழிந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, ஈசியூ அதை நம்பி இன்னும் ஊற்றும். குழாயில் பெட்ரோலும் வந்தது, காற்றும் வந்தது. சென்சாரைப் புதிதாக மாட்டினாலும் அதுவும் இதையேதான் சொல்லும். இன்ஜின் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் கேஸ்கெட் பக்கம் போகலாம். இணைப்பில் கரிக்கோடு தெரியும். தெரியாவிட்டால் குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் புகைச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஒரு பிளக் மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று சந்தேகிக்கலாம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃபியூயல் ரெயிலில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி இன்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் சட்டென்று விழுந்தால் சந்தேகம் வலுக்கும். பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு கெட்டாலும் இப்படி விழும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். கடைசியாகக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்: சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. சோதிக்கும்முன் ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் சோதனையில் சைலன்சர் வழியே 'உஸ்' என்று காற்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை.

செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க இன்ஜின் ஓடும்போதே காயில் கனெக்டரைப் பிடுங்குவது பழைய பழக்கம். எரியாத பெட்ரோல் நேரே எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் எரியும். உள்ளிருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால் வண்டிக்கு இழுவையே இருக்காது. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அதே ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். காலைத் தளர்த்தி ஓரங்கட்டி நிறுத்த வேண்டும், காய்ந்த புல்மேல் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்க்கும் துறையைச் சேர்ந்த வாசகர்